சேனாபதியின் மாவு உயிர் பிழைத்த விவரம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரத்தைக் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஸ்மோக் அலாரம் கத்தும், பக்கத்து வீட்டுக்காரர்கள் 911-ஐக் கூப்பிடுவார்கள் என்று மருமகள் எழிலரசி தீப்பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். ஆகையால் கற்பூரத்தைக் கொளுத்தாமலே அணைத்திருக்கிறேன். சத்தியம் செல்லும்.

நடந்தது 1996-ஆம் வருஷக் கடைசியில், டெக்சாஸ் மாகாணத்துப் பிளானோவில். என் பெயர் சுவாமிநாதன். மின்சார வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என் உத்தியோகமாகவே இருந்தது. மகன் சபரிநாதன் காலையில் ஆபீஸ் போகிற வழியில் என்னை நூர் முகம்மது பாயின் மளிகைக்கடையில் இறக்கிவிட்டுப் போவான், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வான். மற்றவர்கள் குழந்தையை டேகேரில் விடுகிற மாதிரி. பொன்னி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார் பாய்.

அந்தக் கடையின் பின்கட்டில் லைசென்ஸ் வாங்கிய சமையலறை ஒன்று சும்மா கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்திருந்தவன் சேனாபதி. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன், வயது முப்பத்தாறு. ஒரு டெலிபோன் கம்பெனிக்கு ஆறு வருஷம் கம்ப்யூட்டர் கோடு எழுதிக் கொடுத்தவன், செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு விற்க வந்துவிட்டான். ஏனப்பா என்று கேட்டேன்.

"நான் எழுதுன கோடு எங்க ஓடுது, யாருக்கு ஓடுதுன்னு ஆறு வருஷமா தெரியாதுங்க அங்கிள். ஒருத்தன் சாப்ட்டுட்டு ஏப்பம் விட்டான்னா, அது கண்ணுக்குத் தெரியற அவுட்புட்டுங்க" என்றான்.

நல்ல காரணம்தான். ஆனால் மாவு பொங்க வேண்டுமே. பொங்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்த டில்டிங் கிரைண்டர் நன்றாகத்தான் அரைத்தது. உளுந்து வெண்ணெய் மாதிரி வந்தது. டப்பில் ஊற்றி மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், வைத்த இடத்தில் வைத்த உயரத்தில், தாசில்தார் ஆபீசில் கொடுத்த மனு மாதிரி அப்படியே இருக்கும். அதில் இட்லி ஊற்றினால் தட்டையாக வந்தது. பாய் ஒன்றை எடுத்துக் கடையின் பின்கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்தார். கதவு ஜனவரி வரை அசையவில்லை.

சேனாபதியின் மனைவி பவளம், லெகசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டிலும் அதைச் சம்பளமில்லாமல் செய்துவந்தாள். புருஷன் வேலையை விட்டதை அவள் தடுக்கவில்லை. ஒரு கெடு மட்டும் வைத்தாள். பழைய மேனேஜர் சேனாபதியின் நாற்காலியை ஜனவரி முப்பத்தொன்று வரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விருந்து ஜனவரி பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, பக்கத்து ஊரான ஆலனில் ஒரு ஸ்கூல் கஃபட்டீரியாவில். அறுநூறு பேர் சாப்பாடு, இட்லிக்கு மாவு சேனாபதியுடையது என்று சங்கத்தில் பேசி முடித்தாகிவிட்டது. அன்றைக்கு இட்லி இட்லியாக வந்தால் கடை. கல்லாக வந்தால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டை கட்டிக்கொண்டு பழைய நாற்காலி. சேனாபதி ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் குறைந்துபோயிற்று.

இதில் ஒரு விசேஷம், வீட்டில் பவளம் கரைத்து வைக்கிற மாவு ஜம்மென்று பொங்கியது. காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அமெரிக்காவில் இருக்கிற தமிழ் வீடு எதுவானாலும், குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதைப் பற்றவைக்காமல், உள்ளே இருக்கிற லைட்டை மட்டும் போட்டுவிடுவார்கள். அந்த பல்பின் சூடு போதும். நியூஜெர்சி ஆனாலும் குபெர்டினோ ஆனாலும் இதுதான் சாஸ்திரம். ஆகவே பின்கட்டு மாவுக்கு என்ன வியாதி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. குளிர்.

சேனாபதி முதலில், மாவு விற்கிற மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தான். நியூஜெர்சியில் ஒருவருக்கு போன் போட்டான். அவர் தன் மாவு தானாகவே பொங்குவதாகவும், ஏன் என்று தனக்கே ஆச்சரியமாக இருப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

நூர் முகம்மது பாய் இதைக் கேட்டுச் சிரித்தார். பாய் காயல்பட்டினத்துக்காரர். மளிகைக்கு வருமுன் எட்டு வருஷம் டயர் கடையில் இருந்தவர். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டினால் ஆயுசு கூடும் என்று அங்கே படித்ததை, இங்கே ஊறுகாய் பாட்டிலுக்குச் செய்துகொண்டிருந்தார். அவர் கடையில் கெட்டுப்போன ஊறுகாய் ஒன்றுகூட இருந்ததில்லை.

"தம்பி, ஒரே தொழில்காரன் வாயைத் திறக்க மாட்டான். அவன் பொழப்பு அதுல இருக்கு. உனக்குப் போட்டிக்கு வராதவன்கிட்ட போய்க் கேளு. அவன் கூப்பிட்டு உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லுவான். அவனுக்கு அதைக் கேக்க ஆளு கெடைக்கறதில்லை" என்றார்.

சூடு யாருக்குத் தெரியும் என்று யோசித்தோம். கோழிக்குஞ்சு பொரிக்கிறவனுக்குத் தெரியும்.

கிழக்கே இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணினால் ஒரு பெரிய பொரிப்பகம் இருந்தது. சேனாபதி என்னையும் ஏற்றிக்கொண்டான். அறிவுரைக்காக இல்லை. டல்லாஸிலிருந்து கிழக்கே போகிற ஃப்ரீவேயில் கார்பூல் லேன் உண்டு, அதில் போக இரண்டு தலை வேண்டும். இந்தத் தொழிலுக்கு நான் செய்த உதவி மொத்தமும் அந்த ஒரு தலைதான்.

பொரிப்பகத்து முதலாளி ஏர்ல் என்று ஒருவர். பாய் சொன்னது சரியாகிவிட்டது. நாற்பது வருஷமாக அவரிடம் யாரும் ஒன்றுமே கேட்டதில்லை போலிருக்கிறது. மூன்று மணி நேரம் பேசினார். சூடு மட்டும் பத்தாது, ஈரப்பதமும் வேண்டும். அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கிறவன் குஞ்சைப் பார்க்க மாட்டான். இதையெல்லாம் சேனாபதி எழுதிக்கொண்டான். இன்குபேட்டர் விலையைக் கேட்டவுடன் பேனாவை மூடினான். ஏர்ல் இரக்கப்பட்டு, அடைகாக்கிற வயசுக் கோழிகள் ஆறு தருகிறேன், ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடு என்றார். இயந்திரம் வருவதற்கு முன்னால் கோழிதானே இயந்திரம் என்பது அவர் கட்சி.

சமையலறைக்குள் கோழி வந்தால் சிட்டி இன்ஸ்பெக்டர் லைசென்ஸைக் கிழிப்பார். அதனால் மினிவேனின் சீட்டுகளை மடக்கி, ஆறு எவர்சில்வர் டப்புகளில் மாவை ஊற்றி, மூடி மேலே துணி விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோழியை உட்காரவைத்து, வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தினோம். பின்கட்டில் அரைத்த மாவு ஐந்து டப்புக்குத்தான் காணும்படி இருந்தது. ஆறாவதுக்குப் பவளம் வீட்டிலிருந்து, அப்போதுதான் அரைத்ததை ஒரு குண்டானில் கொண்டுவந்து ஊற்றினாள். மளிகைக்கு வந்தவர்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்த எல்லோரையும் கோழிகள் முறைத்தன.

மறுநாள் காலையில் ஐந்து டப்பு மாவு அப்படியே கிடந்தது. ஆறாவது மட்டும் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேலே இருந்த கோழியையும் ஒரு சாண் உயர்த்தி வைத்திருந்தது. கோழி கீழே இறங்க மறுத்துவிட்டது. அன்றைக்கு அந்த மாவில் சுட்ட இட்லியில் ஒன்று லேசாகக் கூவியது என்று பாய் கடை கஸ்டமர்கள் சொன்னார்கள். என் காதில் விழவில்லை, ஆகவே அதை நான் எழுதமாட்டேன்.

சேனாபதி அந்தக் கோழிதான் கோழி என்று முடிவுகட்டினான். தன் பெரியம்மாவின் பெயரை வைத்துத் தனபாக்கியம் என்று கூப்பிட்டான். மீதி ஐந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, தனபாக்கியத்தை ஒவ்வொரு டப்பாக மாற்றி மாற்றி உட்காரவைத்தான். எதுவும் எழும்பவில்லை. இரண்டு வாரத்தில் தனபாக்கியம் கவலையால் இளைத்துப்போயிற்று.

பவளம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் பக் ரிப்போர்ட் என்கிற தப்புப் பட்டியலாக எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் எனக்குப் படித்துக் காட்டினாள். பக் நம்பர் பதினேழு. மாவு எழவில்லை. கோழி எழவில்லை. ஆறாவது டப்பு மட்டும் எழுந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்து வந்தவன் ஹெக்டர். எதிரே புதிதாக ஒரு கட்டடத்துக்குக் கான்கிரீட் ஊற்ற வந்த மிக்சர் லாரி டிரைவர். பாய் கடை மாங்காய் ஊறுகாய்க்கு அடிமையானவன். அவனிடமும் சேனாபதி கேட்டான். ஹெக்டர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, ஊற்றுகிற வரைக்கும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் செத்தது. இரண்டு, கான்கிரீட்டில் எது கெட்டாலும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படு, சிமெண்டைச் சந்தேகப்படாதே.

இரண்டாவதை நான் கேட்டேன். சேனாபதி முதலாவதை மட்டும்தான் கேட்டான். கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்தது எதுவோ அதுதான் காதுக்குள் போகும் என்பதை நான் மீட்டர் பார்க்கப் போன வீடுகளிலேயே கவனித்திருக்கிறேன்.

ஹெக்டரின் கம்பெனிக்குப் புது லாரி ஒன்று வந்திருந்தது. இன்னும் சிமெண்ட் வாசனை காணாத டிரம். கிறிஸ்துமஸ் லீவில் அதை ஊறுகாய் ஆறு பாட்டிலுக்கு வாடகை பேசினார்கள். எண்ணூறு பவுண்டு மாவை அதில் ஊற்றி, டிரம்மைச் சுற்றவிட்டு, எஞ்சின் சூட்டில் மாவு பொங்கட்டும் என்று டோல்வேயில் தெற்கும் வடக்குமாக ஓட்டினோம். முன்சீட்டில் ஹெக்டர், சேனாபதி, நான், என் மடியில் தனபாக்கியம். டோல் பூத்தில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், சில்லறையை வாங்கிக்கொண்டாள்.

மாவு பொங்கவில்லை. ஆனால் டிரம்மின் வாயில் ஒரு ரப்பர் சரியாக உட்காரவில்லை. நாலு மைலுக்கு மாவு விரல் தடிமனில் ஒழுகிக்கொண்டே வந்தது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் ரேடியோவில் டிராஃபிக் சொல்கிறவர், டோல்வேயில் புதிதாக ஒரு லேன் போட்டிருப்பதாகச் சொன்னார். மூன்று நாள் ஜனங்கள் அந்தக் கோட்டை மதித்து ஒழுங்காக வண்டி ஓட்டினார்கள். அந்த மூன்று நாளும் அங்கே ஒரு ஆக்சிடென்ட்கூட இல்லை. நாலாம் நாள் மழையில் லேன் கரைந்துபோயிற்று.

புது வருஷம் பிறந்தது. பொங்கல் விருந்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. சேனாபதி பீரோவிலிருந்து டைகளை எடுத்து வெளியே தொங்கவிட்டிருக்கிறான் என்று பவளம் சொன்னாள். அவள் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. எனக்கு அது புதிதாக இருந்தது. கெடு வைத்தவள் அவள்தானே என்றேன்.

"நான் கெடு வெச்சது மாவுக்குங்க அங்கிள். அவருக்கு வெக்கலை" என்றாள். பிறகு அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "ஆபீஸ் போயிட்டு வந்தா ஆறு வருஷம் வாயே திறக்க மாட்டாரு. இப்ப ராத்திரி சாப்பாட்டுல உக்காந்தா கோழியப் பத்திப் பேசறாரு, கான்கிரீட்டப் பத்திப் பேசறாரு. எனக்கு இந்தாளப் புடிச்சிருக்கு" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்தக் காரியம் நடந்தது. பாய் கடைக்கு வலது பக்கச் சுவரை ஒட்டி ஒரு வண்ண மீன் கடை. நடத்துகிறவர் மிஸஸ் டிரான் என்ற வியட்நாம் அம்மாள். மீன் தொட்டியில் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கச் சின்னக் கண்ணாடிக் குழாய் மாதிரி ஹீட்டர் விற்பார்கள். அதில் பன்னிரண்டு வாங்கி மாவு டப்புகளுக்குள் இறக்கிவிடலாம் என்று சேனாபதிக்கு ஒரு யோசனை. சூடு இன்னும் அவன் தலையை விட்டுப் போகவில்லை. நானும் கூடப் போனேன். இரண்டு தலை தேவைப்படாத இடம்தான், பழக்கதோஷம்.

பன்னிரண்டு ஹீட்டர் என்றதும் அந்த அம்மாள் எத்தனை மீன் என்று கேட்டார். மீன் இல்லை, அரிசியும் உளுந்தும் என்றான் இவன். அவர் உடனே எங்களோடு பின்கட்டுக்கு வந்தார். ஒரு டப்பின் மூடியைத் திறந்து, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மோந்து பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"இதில் என்ன உயிர் இருக்கிறது?"

"உயிர் எதுவும் இல்லை. மாவு."

"தானாகப் பொங்கும் என்கிறாயே. உயிர் இல்லாதது எப்படித் தானாகப் பொங்கும்?"

சேனாபதி யோசித்தான். மூன்று மாதத்தில் அவன் நிஜமாக யோசித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்?"

"குழாய்த் தண்ணீர்."

மிஸஸ் டிரான் மூடியை மெதுவாகச் சாத்தினார். இழவு வீட்டில் முகத்தை மூடுகிற மாதிரி.

அவர் ஹீட்டர் விற்க மறுத்துவிட்டார். அறுபத்தைந்து வயதில், கேட்ட சாமானைக் கடையில் வைத்துக்கொண்டே இல்லையென்ற வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். புதிதாக மீன் வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நீயும் செய்திருக்கிறாய் என்றார். மீன் செத்தால் குளிர் என்று நினைத்து ஓடிவந்து ஹீட்டர் வாங்குவார்கள். குழாய்த் தண்ணீரில் கிருமி சாகட்டும் என்று மருந்து போட்டுத்தான் அனுப்புகிறார்கள். குடிக்கிற மனுஷனுக்கு அது நல்லது. உன் டப்பில் இருப்பது மனுஷனா, கிருமியா? அந்த மருந்துக்கு உன் கிருமி, கெட்ட கிருமி என்று பேதம் தெரியாது. ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்பார்கள், இந்த ஊர்த் தண்ணீரில் போகாது. அவர் தன் கடைப் பின்புறத்துக்குக் கூட்டிப்போய் ஒரு நீல டிரம்மைக் காட்டினார். உள்ளே கழுத்து வரைக்கும் கரி. குழாய்த் தண்ணீர் மேலே விழுந்து, கரிக்குள் இறங்கி, அடியில் நூலாக வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அவருடைய மீன்கள் பேரன் பேத்தி எடுத்திருந்தன.

சேனாபதி அப்போதே ஓடிப்போய் எண்ணூறு பவுண்டுக்கு அரிசி ஊறப்போடப் பார்த்தான். பவளம் தடுத்தாள். ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தாள், கழுத்தில் பேட்ஜ் தொங்கியது.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. கோழி மாத்துனப்ப அரிசியையும் மாத்துனீங்க. லாரி மாத்துனப்ப உப்பையும் மாத்துனீங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு எப்படிங்க தெரியும்? ரெண்டே ரெண்டு டப்பு. அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர், அதே மூலை. தண்ணி மட்டும் வேற."

"எங்க ஆபீஸ்ல இப்படியெல்லாம் டெஸ்ட் பண்ணதே இல்லடி" என்றான் சேனாபதி.

"தெரியுமுங்க. உங்க கம்பெனி பில்லு நம்ம வீட்டுக்குத்தான வருது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான், பாய், பவளம், சேனாபதி, மிஸஸ் டிரான் ஐந்து பேரும் பின்கட்டில் நின்றோம். தனபாக்கியம் வாசலில் நின்றது, அதற்கு உள்ளே அனுமதியில்லை. பவளம் முதல் டப்பைத் திறந்தாள். தாசில்தார் ஆபீஸ் மனு. இரண்டாவது டப்பைத் திறக்கத் தேவைப்படவில்லை. அது தன்னைத்தானே திறந்துகொண்டு, மூடியைத் தலையில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு கொப்புளம் மெதுவாக எழுந்து உடைந்தது. ஏப்பம் விட்ட மாதிரி.

சேனாபதி உட்கார்ந்துவிட்டான். மிஸஸ் டிரான் மட்டும் ஒன்றும் ஆகாதது போல, "நீந்துகிறது" என்றார்.

"அப்ப வீட்டு மாவு எப்படிப் பொங்குச்சு?" என்று கேட்டார் பாய்.

பவளம் நோட்டைப் புரட்டினாள். அந்த ஆறாவது டப்பு மாவும் வீட்டில் அரைத்தது. வீட்டில் அவள் ஊற்றுவது ஃபில்டர் ஜாடித் தண்ணீர். ஊரிலிருந்து வந்து இறங்குகிற நம் ஜனங்கள் கட்டில் வாங்குமுன் வாங்குகிற சாமான் அந்த ஜாடி. அதன் மூடிக்குள் இருக்கிற வெள்ளைக் குப்பியைத் திறந்து பார்த்தால், உள்ளே கரி. தனபாக்கியத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. கோழி அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது.

"ஆனா லைட்டு?" என்றான் சேனாபதி. "ஓவன் லைட்டுச் சூட்டுலதான பொங்குது?"

அன்று மத்தியானம் எல்லோரும் அவர்கள் வீட்டுக்குப் போய் ஓவனைத் திறந்து பார்த்தோம். ஸ்விட்சைப் போட்டோம். உள்ளே இருட்டு. பல்ப் ஃபியூஸ் போய் எத்தனை மாதம் ஆனதோ யாருக்கும் தெரியாது. பவளம் அத்தனை மாதமும் இருட்டுக்குள் மாவை வைத்து, எரியாத விளக்கின் ஸ்விட்சைத் தவறாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். டெஸ்டர் முகத்தில் அசடு வழிந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மிஸஸ் டிரானின் டிரம் போல நாலு டிரம் கட்டினார்கள். ஏர்ல் சொன்னபடி யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. ஹெக்டர் சொன்னபடி ஒவ்வொரு லோடுக்கும் முதலில் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். டயர் கடைப் பழக்கத்தில் பாய் பழைய மாவை முன்னுக்கும் புது மாவைப் பின்னுக்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பீப்பாய் மாவு மூடி வைத்தாகிவிட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது மாவு பின்கட்டில் இல்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய இட்லியைத் தள்ளிக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு வந்து, சேனாபதியின் மினிவேன் வரைக்கும் போய் நின்றிருந்தது. பாதி தூரத்தைத் தானே வந்துவிட்டதால் ஏற்றுகிற வேலை எங்களுக்கு மிச்சம். தரையில் பட்டதை எல்லாம் கழித்து ஊற்றிவிட்டோம் என்பதை இன்ஸ்பெக்டர் படிக்க நேர்ந்தால் அவருக்காக இங்கே குறிப்பிடுகிறேன். கழித்தது போக மீதியே ஆயிரத்து இருநூறு பேருக்குக் காணும்.

ஆலன் கஃபட்டீரியாவில் பதினோரு மணிக்கு முதல் ஈடு இறங்கியது.  இட்லித் தட்டைச் சேனாபதியால் திறக்க முடியவில்லை, பவளம்தான் திறந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு இட்லியை எடுத்துப் பேப்பர் தட்டில் வைத்தபோது தட்டு லேசானது. நான் எடை போட்டுப் பார்க்கவில்லை, ஆனால் கையில் பிடித்திருந்தேன். பரிமாறுகிறவர்களிடம் முதலில் சட்னியை ஊற்று, பிறகு இட்லியை வை, இல்லாவிட்டால் நிற்காது என்று சொல்லவேண்டி வந்தது. சாம்பார் வருமுன் இரண்டு மேஜையில் இட்லி கையை விட்டுப் போய்விட்டது. ஸ்கூலைப் பெருக்கிப் பராமரிக்கிற கஸ்டடியன் ஏணி போட்டு ஏறி, கூரையிலிருந்து பதினொன்றை எடுத்து, அங்கேயே நின்று நாலைச் சாப்பிட்டார். இறங்கி வந்து, மறுபடி ஏறலாமா என்று கேட்டார்.

சேனாபதி இதெல்லாம் கவனிக்கவில்லை. ஒரு கரண்டியும் வாளியுமாகப் பந்தியின் நடுவே நின்று, சாப்பிடுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். சேனாபதி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாம்பார் காரம் என்றான். நான் சாப்பிட்டேன், காரமில்லை.

பாத்ரூம் தேடி நான் வராந்தாவுக்குப் போனபோது அங்கே பவளம் பே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஆள் இல்லை, வாய்ஸ்மெயில் போலிருக்கிறது. இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். நான் சேனாபதியின் மனைவி. அந்த நாற்காலியை இனிமேல் காலியாக வைக்கவேண்டாம், தேவைப்படுகிறவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். என் கணவர் வேலையாக இருக்கிறார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

"கெடு முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கேம்மா" என்றேன்.

"டெஸ்ட் முடிஞ்சுதுங்க அங்கிள்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேனாபதியின் மாவு பிளானோவிலிருந்து ஆலன் போய், அங்கிருந்து ஹூஸ்டன் போயிற்று. மிஸஸ் டிரான் பவளத்திடம் நோட்டு எழுதக் கற்றுக்கொண்டு, எந்த மீன் எதனால் சாகிறது என்று பக் நம்பர் போட ஆரம்பித்தார். ஏர்ல் எங்களிடம் ஒரு இட்லித் தட்டு கேட்டு வாங்கிப் போனார். முட்டை உருளாமல் நிற்க அதைவிடத் தோதான சாமான் அவர் தொழிலில் இல்லையாம். ஹெக்டர் ரோட்டில் லேன் கோடு போடுகிற காண்ட்ராக்ட் எடுத்தான். நியூஜெர்சிக்காரர் ஒரு நாள் போன் பண்ணி, தன் மாவு திடீரென்று பொங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று சேனாபதியிடம் கேட்டார். சேனாபதி ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். ஒரே தொழில்காரனுக்கு ஏனப்பா சொன்னாய் என்று பாய் கோபித்துக்கொண்டார். அதற்கு அவன், "நமக்குச் சொன்ன மூணு பேரும் காசா கேட்டாங்க பாய்?" என்றான். தனபாக்கியம் பார்க்கிங் லாட்டிலேயே தங்கிவிட்டது. வண்டி வந்தால் காலி இடம் காட்டும்.

இவ்வளவும் நான் கூடவே இருந்து என் கண்ணால் கண்டது. அமெரிக்கன் கான்சுலேட் எனக்கு விசா கொடுத்து, நான் முதன்முதலாக இந்த நாட்டில் கால் வைத்தது 2001-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி.